பாதை அரசுடையது, ஓட்டம் கட்டணத்தினது: சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயிலின் நிதி வரலாறு, 1967–2017

1982ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், சிங்கப்பூரின் அன்றைய தொடர்புத்துறை அமைச்சர் ஓங் டெங் சியோங், நாட்டில் பெருவிரைவு ரயில் அமைப்பதென்னும் அரசின் முடிவை அறிவித்தார். மதிப்பீடு ஏறத்தாழ 500 கோடி வெள்ளி. அதுவரை அந்நாடு மேற்கொண்ட பொதுப்பணிகளுள் இதுவே மிகப் பெரியது. அறிவிப்புக்கு முந்திய பதினைந்து ஆண்டுகளின் வரலாறு ‘ரயிலா, பேருந்தா’ என்னும் வழக்காகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அது பொருத்தமான தலைப்பே. ஆயினும் வழக்கின் மையம் வாகனம் அன்று, பணம். இருப்புப்பாதையைக் கட்டுவதற்கான செலவு மிகுந்த கவனத்தோடு ஆராயப்பட்டது. கட்டியது தேய்ந்தபின் அதனைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்னும் வினாவுக்கு அந்தக் கவனம் கிட்டவில்லை. அதன் விளைவு முப்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

தீவின் பரப்பு 1980இல் 600 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. மக்கள்தொகை 24 இலட்சம். பழைய நகரில் வாழ்விடமும் தொழிலிடமும் அருகருகே இருந்தன. தஞ்சோங் பகாரில் துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஒட்டி வாழ்ந்த தமிழர்க்கும், செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சார்ந்து வாழ்ந்த தமிழர், மலையாளிகளுக்கும் வேலைக்குச் செல்வது பெரும்பாலும் நடைதூரமே. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதுநகர்கள் இந்த அமைப்பை மாற்றின. தோ பாயோ, அங் மோ கியோ எனக் குடியிருப்புகள் உள்நிலத்தில் எழும்ப, அலுவலகங்கள் கடலோர மையத்திலேயே நின்றன. பயணம் என்பது அன்றாடச் செலவாயிற்று. வீடமைப்புக் கொள்கையின் வெற்றியே போக்குவரத்துச் சிக்கலை ஈன்றது எனலாம்.

ஐக்கிய நாடுகள் உதவியுடன் 1967 முதல் 1971 வரை நடந்த நகரத் திட்ட ஆய்வு, சாலைகளை மட்டும் விரித்து இந்நெருக்கடியைத் தீர்க்க இயலாது, 1992க்குள் ரயில் வேண்டும் என்று கணித்தது. இதன்பின் ‘வில்பர் ஸ்மித்’ என்னும் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1972இல் தொடங்கிப் பல கட்டங்களாக ஆய்வு நடத்தியது. ஆனால் அரசு உடனே ரயிலுக்குத் தாவவில்லை. முதலில் மலிவான வழிகளைச் சோதித்தது. தனித்தனியே ஓடிப் போட்டியிட்ட பல பேருந்து நிறுவனங்கள் 1971இல் ஒருங்கிணைக்கப்பட்டன. 1973இல் அவை ஒரே நிறுவனமாயின. 1975 ஜூன் 2 முதல், காலை வேளையில் மையப்பகுதிக்குள் நுழையும் கார் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. நால்வர் சேர்ந்து வரும் காருக்கு விலக்குண்டு. காலை நேரக் கார்களைக் கால் பங்கிலிருந்து முப்பது விழுக்காடு வரை குறைப்பதே நோக்கம். குறைந்ததோ எழுபது விழுக்காட்டுக்கு மேல். எல்லையில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தேறுவோர்க்கென அமைத்த நிறுத்துமிடங்கள் மட்டும் வெறிச்சோடிக் கிடந்தன. இத்திட்டத்தின் சிறப்பு அதன் வருவாயில் இல்லை. நெரிசலான சாலை விலையுள்ள பொருள் என்னும் கருத்தை ஒரு நகரம் முதன்முதலாக நடைமுறையில் நாட்டியது.

கார்களை இத்தனை எளிதாகக் கட்டுப்படுத்த முடிந்ததே ரயிலுக்கு எதிரான வாதத்திற்கு வலிமை தந்தது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ ரயில் திட்டத்தை ஐயுற்றவர்களுள் முதன்மையானவர். 1980இல் கென்னத் ஹேன்சன் தலைமையிலான ஹார்வர்ட் அறிஞர் குழு, பேருந்தை மட்டும் நம்பிய அமைப்பே குறைந்த செலவில் போதுமானது என்று பரிந்துரைத்தது. விவாதம் தொலைக்காட்சிக்கும் வந்தது. அன்றைய சிங்கப்பூரில் அரசின் பெருந்திட்டம் ஒன்று இவ்வாறு பொதுவெளியில் எதிர்வாதத்துக்கு உட்பட்டது அரிய நிகழ்வு. கட்டடக் கலையும் நகரத் திட்டமும் பயின்ற ஓங் டெங் சியோங் ரயிலின் பக்கம் உறுதியாக நின்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த விரிவான போக்குவரத்து ஆய்வு, தேவையான எண்ணிக்கையிலான பேருந்துகளை மையப்பகுதிச் சாலைகள் தாங்கமாட்டா என்று காட்டியது. மறு ஆண்டு முடிவும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் சாலையின் கொள்ளளவு பற்றிய கணக்கு மட்டுமே 500 கோடி வெள்ளிக்கு வழிவிட்டதாகக் கொள்ள முடியாது. அறிவிப்பே ரயிலைப் போக்குவரத்து முதலீட்டுக்கும் மேலான ஒன்றாக முன்வைத்தது: அது நிலத்தின் மதிப்பை உயர்த்தும், முதலீட்டாளர் நம்பிக்கையை வளர்க்கும் என்பது வாதம். இவ்வாதம் எல்லா நகரங்களுக்கும் பொருந்துவதன்று. நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் நிலவுடைமையாளரையே சேரும். சிங்கப்பூரிலோ 1966ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டத்தால் அரசே பெரிய நிலவுடைமையாளராகியிருந்தது. 1980களின் நடுவில் தீவின் நான்கில் மூன்று பங்கு நிலம் அதன் வசம். கடலைத் தூர்த்து உருவாக்கிய மரினா நிலமும் அதனுடையதே. ஆகவே ரயிலுக்குச் செலவிட்ட கருவூலத்துக்கே நில விலையின் ஏற்றமும் திரும்பியது. இக்கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கையகப்படுத்தும் நிலத்துக்கான இழப்பீடு 1973 நவம்பர் 30ஆம் நாள் விலைக்கு மிகாது என்று சட்டத் திருத்தம் வரையறுத்திருந்தது. பின்னர் நேர்ந்த விலையேற்றத்தில் பழைய உடைமையாளர்க்குப் பங்கில்லை. ரயிலின் செலவைச் சுமந்தோர் பட்டியலில் அவர்கள் பெயர் எங்கும் இடம்பெறுவதில்லை.

1983 அக்டோபரில் பணி தொடங்கியது. இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை, ஐந்து நிலையங்கள் கொண்ட முதற்பகுதி 1987 நவம்பர் 7இல் திறக்கப்பட்டது. 67 கிலோமீட்டர், 42 நிலையங்கள் கொண்ட முழுத்திட்டம் 1990 ஜூலையில், குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நிறைவேறியது.

நிதி ஏற்பாடு எளிமையானது: கட்டுமானம் அரசின் செலவு; இயக்கச் செலவைப் பயணக் கட்டணம் ஈடுகட்ட வேண்டும். இவ்விதியின் கண்டிப்பைப் புவாங்கோக் நிலையம் நன்கு காட்டும். 460 கோடி வெள்ளியில் அமைந்த வடகிழக்குப் பாதை 2003 ஜூனில் திறக்கப்பட்டபோது, ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அடியில் அமைந்த லிட்டில் இந்தியா நிலையம் தேக்காவைப் புறநகர்க் குடியிருப்புகளோடு இணைத்தது. அதே பாதையில் கட்டி முடித்த புவாங்கோக், சுற்றிலும் குடியிருப்போர் போதவில்லை, இயக்கினால் நட்டம் என்னும் காரணத்தால் மூடியே வைக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அப்பகுதிக்கு வந்தபோது வழியோரம் வெள்ளை யானை அட்டை உருவங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. 2006 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. அரசு கட்டிய சொத்தைப் பயன்படுத்துவதா என்பதை இயக்குநரின் வரவுசெலவே முடிவுசெய்யும் நிலை வினோதமானதே.

இதனினும் ஆழமான பிளவு வேறிடத்தில் இருந்தது. 1998இல் ரயில்கள், சமிக்ஞைக் கருவிகள் முதலிய இயக்கச் சொத்துகள் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு மாறின. 2000இல் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. முதற்சொத்துக்கு அரசு பணம் தரும். மாற்றுச் சொத்தை இயக்குநர் வாங்க வேண்டும். விலைவாசி உயர்வால் ஏற்படும் வேறுபாட்டை அரசு ஈடுசெய்யும் என்பது 1996ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை வகுத்த நெறி. ஏட்டில் அது நியாயமானதே. ஆனால் எப்போது புதுப்பிப்பது என்னும் முடிவு, பங்குதாரர்க்கு ஈவு தர வேண்டிய நிறுவனத்திடம் விடப்பட்டது. பயணிகளோ ஆண்டுக்கு ஆண்டு பெருகினர். 2011 டிசம்பர் 15, 17 ஆகிய இரு நாள்களில் வடக்கு–தெற்குப் பாதை மணிக்கணக்கில் முடங்கியது. மின்னூட்டும் மூன்றாம் தண்டவாளத்தைத் தாங்கும் பிடிகள் கழன்றிருந்தன. விசாரணைக் குழு பராமரிப்புக் குறைபாட்டைச் சுட்டியது. நிறுவனத்துக்கு 20 இலட்சம் வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது.

தண்டத்தைவிட முக்கியமானது பின்னர் நேர்ந்த உடைமை மாற்றம். 2016 அக்டோபரில் நிலப் போக்குவரத்து ஆணையம் எஸ்எம்ஆர்டியின் ரயில் சொத்துகளை ஏறத்தாழ 100 கோடி வெள்ளிக்கு வாங்கியது. இயக்குநர் உரிமக் கட்டணம் செலுத்துவார். அது புதுப்பிப்புக்கான நிதியில் சேரும். புதுப்பிக்கும் பொறுப்பு ஆணையத்துடையது. அதே மாதம் தெமாசெக், நிறுவனத்தின் எஞ்சிய பங்குகளை வாங்கி அதனைச் சந்தையிலிருந்து விலக்கியது. உடைமை மாறினாலும் பணிமனைப் பழக்கம் உடனே மாறவில்லை. 2017 அக்டோபர் 7இல் பீஷான் அருகே சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்து சேவை நின்றது. வெளியேற்றும் பம்புகளுக்கான பராமரிப்புப் பதிவுகளே பொய்யாக எழுதப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பழுதுபார்க்க நேரம் வேண்டி, சில நிலையங்கள் இரவில் முன்கூட்டியே மூடப்பட்டன. ஒரு பகுதியில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முழுநாளும் ரயில் ஓடவில்லை. அந்நாள்களில் பயணிகளுக்கு மாற்றுப் பேருந்துகள் விடப்பட்டன.