ஆச்சி மனோரமா

கோபிசாந்தா என்றால் பலருக்குத் தெரியாது. ஆச்சி மனோரமா என்றால் தெரியாதவர் உண்டா?

1937-ல் மன்னார்குடியில் பிறந்தவர். தந்தை கைவிட்டதால் தாயுடன் பள்ளத்தூரில் வளர்ந்தார். வறுமைதான் அவரை நாடக மேடை ஏற்றியது. எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்திலும் நடித்தார். 'மாலையிட்ட மங்கை'யில் (1958) நகைச்சுவை வேடம் தந்து திரைக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் நிலைத்தது நகைச்சுவைதான். கதாநாயகிகள் வந்து போனார்கள். ஆச்சி அரை நூற்றாண்டு நின்றார்!

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி, பத்மினிக்கு நடுவிலும் ஜில்ஜில் ரமாமணி தனியாகத் தெரிகிறார். ஆயிரம் படங்களைத் தாண்டியவருக்கு தேசிய விருது கிடைத்ததோ 'புதிய பாதை' (1989) படத்தின் குணச்சித்திர வேடத்துக்கு. 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ல் மறைந்தார்.

சிரிக்க வைப்பதும் பெரிய நடிப்புதான். விருதுக் குழுக்களுக்குத்தான் அது புரிவதில்லை!