விளம்பகாலத்தில் ஒரு கன உலோகம்: கேண்டில்மாஸின் முதல் ஆல்பம்

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்றொரு ஊர். 1986-இல், ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில், அவ்வூர்க் குழுக்கள் இரண்டின் ஆல்பங்கள் வெளிவந்தன. ஒன்று யூரோப் குழுவின் 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்'. அதன் தலைப்புப் பாடல் உலகெங்கும் ஒலித்தது. மற்றொன்று கேண்டில்மாஸின் 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்'. ஜூன் 10 அன்று பிரான்சின் பிளாக் டிராகன் நிறுவனம் அதை வெளியிட்டது. விற்பனை படுத்துவிட்டது, அந்த ஆண்டிலேயே நிறுவனம் குழுவைக் கைகழுவியது. ஆனால் மெதுநடையில் கனத்து ஒலிக்கும் டூம் மெட்டல் இசையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இந்த ஆல்பத்தைத் தாண்டிப் போக முடியாது.

டூம் மெட்டலின் ஊற்றுக்கண் பர்மிங்ஹாம். தகட்டு ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமி 17 வயதில் எந்திரத்துக்கு வலக்கையின் இரு விரல் நுனிகளைப் பறிகொடுத்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் விரல்களே போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டினார். 1971-இல் சுருதியையும் வெகுவாகத் தாழ்த்தினார். தளர்ந்த தந்தியிலிருந்து கனத்த ஒலி பிறந்தது. 1970-இல் வந்த, அவரது குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம், அதே பெயருள்ள பாடலோடு தொடங்குகிறது. சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலுள்ள தொலைவையே அப்பாடல் அச்சத்தின் ஒலியாக்கியது. அதன் நடையோ ஆமை நடை.

அந்த நடையைப் பின்பற்றியவர்கள் சிலரே. இங்கிலாந்தின் விட்ச்ஃபைண்டர் ஜெனரல் 1982-இலும், அமெரிக்காவின் டிரபிள், செயின்ட் வைட்டஸ் இரண்டும் 1984-இலும், பென்டகிராம் 1985-இலும் முதல் ஆல்பங்களைத் தந்தன. மெட்டாலிகாவும் ஸ்லேயரும் வேகத்தின் எல்லையைத் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மெதுவாக வாசிப்பதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது.

லெய்ஃப் எட்லிங்குக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. பேஸ் கிட்டார்க் கலைஞரான அவர், நெமிசிஸ் என்ற குழுவில் தாமே பாடியும் வந்தவர். அது கலைந்ததும் கேண்டில்மாஸைத் தொடங்கினார். கிட்டாருக்கு மாட்ஸ் பியோர்க்மன், டிரம்ஸுக்கு மாட்ஸ் எக்ஸ்ட்ரோம். குழு என்று சொல்ல இந்த மூவர்தான். தனி கிட்டார் வாசித்த கிளாஸ் பெர்க்வாலும், பாடிய யோஹான் லெங்க்விஸ்டும் ஒலிப்பதிவுக்கு வந்த விருந்தினர்கள். ஹெவி லோட் குழுவினரின் தண்டர்லோட் கூடத்தில் பதிவு நடந்தது.

ஆறே பாடல்கள், சுமார் 43 நிமிடங்கள். முதல் பாடலான 'சாலிட்யூட்' மென்மையான கிட்டார் மீட்டலில் தொடங்கி, மின் கிட்டாரின் பாரம் மேலே விழும்போது திசை மாறுகிறது. உலகத்தை விட்டு நீங்க விரும்பும் தனியன் ஒருவனின் புலம்பல் அது. 'டீமன்ஸ் கேட்' ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. முன்னோடிகளின் ஆல்பங்களில் மெதுநடை சோர்வையும் திகிலையும் சுமந்தது. இங்கே அதற்கு ஒரு காப்பியத்தின் விரிவு கிடைக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்தது லெங்க்விஸ்டின் குரல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எட்லிங்கின் இசைவரிகள் சபாத்தின் வழி வந்தவை. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. ஆனால் ஓபரா மேடையை நினைவூட்டும் அந்த அகன்ற குரல், மெதுநடை விட்டுவைத்த இடத்தை முழுவதும் நிரப்பியது. வேகப் பாட்டில் அக்குரலுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்காது.

ஆல்பத்தின் தலைப்பு, லத்தீன் போல் தோன்ற வேண்டுமென்றே புனைந்தது. 'எபிக் டூம்' என்ற கிளைக்குப் பெயர் வந்ததும் அதிலிருந்துதான் என்பர்.

லெங்க்விஸ்ட் குழுவில் நிரந்தரமாகச் சேரவில்லை. அவரிடத்தில் பாட, துறவி அங்கியுடன் மேடையேறிய மெசையா மார்கோலின் வந்தார். 1987-இன் 'நைட்ஃபால்' குழுவைப் பரவலாக அறியச் செய்தது. பாடகர்கள் பலமுறை மாறினர். 2018-இல், 32 ஆண்டுகள் கழித்து, லெங்க்விஸ்ட் திரும்பி வந்தார். மறு ஆண்டு வெளியான 'தி டோர் டு டூம்' ஆல்பத்தின் ஒரு பாடல் கிராமி விருதுக்குப் பரிந்துரை பெற்றது. அந்தப் பாடலில் தனி கிட்டார் வாசித்தவர் டோனி அயோமி.