மருந்தாகும் க்ரீம், பூச்சாகும் க்ரீம்

மூலிகை க்ரீம் ஒன்று மருந்தா அழகுசாதனமா என்ற கேள்விக்கு டியூபுக்குள் இருக்கும் வஸ்து பதில் சொல்வதில்லை. பதில் லேபிளில் இருக்கிறது. கலால் துறையும் சுங்க இலாகாவும் நீதிமன்றங்களும் வருஷக்கணக்காக வாசித்துவரும் பிரதி அது. நம் விமர்சகர்கள்தான் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1964-இல் ஆயுர்வேதத்துக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றும் சட்டத்தில் உண்டு. அதில் போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் பரிபூரணம் 400 எல்லாம் இருக்கின்றன. தமிழ் எம்.ஏ.வில் எனக்கு யாரும் இவற்றைப் பாடமாக வைக்கவில்லை, சர்க்கார் வைத்திருக்கிறது. நூலில் ஏறிய வைத்தியத்துக்கு இப்படி ஒரு சட்ட உடல் கிடைத்துவிடுகிறது. கிழவிகளின் வாயோடு போன வைத்தியம் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான்.

மருந்தென்றால் வரி குறைவு, அழகுசாதனமென்றால் அதிகம். விக்கோ மஞ்சள் க்ரீம் எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய கலால் வழக்கு, இரண்டாயிரங்களின் நடுவில்தான் உச்சநீதிமன்றத்தில் ஓய்ந்தது. தீர்ப்பு: மருந்து. இம்மாதிரி வழக்குகளில் நீதிமன்றம் கேட்பவை இரண்டு. சேர்மானங்கள் ஆயுர்வேத நூல்களில் உண்டா? சாதாரண ஜனங்கள் அதை என்னவென்று நினைத்து வாங்குகிறார்கள்? வாசக ஏற்புக் கோட்பாட்டைக் கலால் துறை நமக்கு முன்பே படித்துவிட்டது போலும்!

இங்கே இவ்வளவு பாடுபட்டு மருந்தான க்ரீம், கப்பல் ஏறும்போது மருந்தாக இருக்கவே கூடாது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குணமாக்கும் என்று எழுதினாலே அது மருந்து. அப்புறம் மருந்துக்கான அனுமதிகளைத் தேடி அலைய வேண்டும். எனவே புண், படை, பரு எல்லாம் லேபிளிலிருந்து உதிர்கின்றன. ஈரப்பதம், மென்மை, பொலிவு ஏறுகின்றன. ஐரோப்பாவுக்கென்றால் சேர்மானங்களைச் சர்வதேசப் பெயரில் அச்சடிக்க வேண்டும். மஞ்சள் குர்குமா லோங்கா ஆகிறது. நம் வேலியோரத்துச் சோற்றுக்கற்றாழைக்கு வாய்த்த பெயர் அலோ பார்படென்சிஸ். பார்படோஸ், ஆங்கிலேயர் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய கரீபியத் தீவு. ஒரு காலனியின் செடி இன்னொரு காலனியின் பெயரில் விலைபோகிறது.

இதில் ஒரு கூத்து. மஞ்சள் புண்ணாற்றும் என்று டப்பாவில் சொல்ல விடாத அதே அமெரிக்கா, 1995-இல் மஞ்சளைக் கொண்டு புண்ணாற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 32 எழுத்துச் சான்றுகளைக் காட்டி வாதாடியபின் 1997-இல் அது ரத்தானது. அங்கேயும் எழுத்துதான் செல்லுபடி.

சரி, இந்த லேபிள்கள் பேசும் 'சருமம்' யாருடையது? 1969-இல் மெடிமிக்ஸ் சோப்பை உருவாக்கிய வி.பி. சித்தன், சென்னையில் ரயில்வே டாக்டர். தொழிலாளிகளின் தோல் நோய்க்காகத் தன் குடும்பத்து மூலிகை எண்ணெய்ப் பக்குவத்தை அவர் சோப்பில் இறக்கினார். அதாவது அந்தப் பண்டத்தின் பிறப்பில் கிரீஸும் வியர்வையும் உண்டு. அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கண்டெய்னர் முனையம் திறந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பெட்டிக்குள் என்ன போகிறதென்று ராயபுரத்துக்காரனுக்கும் திருவொற்றியூர்க்காரனுக்கும் தெரியாது. லாரி வரிசைதான் தெரியும். பல காலம் நிலக்கரித் தூசும் தெரியும், 2011-இல் உயர்நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை நிறுத்தச் சொல்லும்வரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் படகில் போய்க் கையாலேயே அதை அள்ளினார்கள். தோல் அரிக்கிறது, எரிகிறது என்றார்கள். ஏற்றுமதி லேபிளில் அச்சேற முடியாத சொற்கள் அவை.