புகைத்தலும் இரத்த ஆக்சிஜனும்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

பீடி, சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயு, இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு. இப்படி அடைபட்ட ஹீமோகுளோபின் புகைக்காதவரிடம் பொதுவாக 2 விழுக்காட்டுக்குள் இருக்கும். விடாமல் புகைப்பவரிடம் 5 முதல் 10 வரை போகும். இழப்பு அத்தோடு முடிவதில்லை. மிச்சமுள்ள ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுத் தருவதில்லை. நிகோட்டினோ இதயத் துடிப்பைக் கூட்டி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டிய நேரத்தில் வரத்து குறைந்துவிடுகிறது.

பீடி இலேசானது என்ற நம்பிக்கை தவறு. அதன் இலையில் காற்று புகுவது குறைவு. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் இழுப்புகள் கூடி, கார்பன் மோனாக்சைடும் அதிகமாக உள்ளே போகிறது.

கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்த விரல்நுனி ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அது கணக்கிடுகிறது. புகைப்பவர் விரலில் 98 என்று காட்டினாலும் அதை நம்பி நிம்மதி கொள்ளக் கூடாது. சரியான அளவைத் தமனி இரத்தத்தை, இவ்விரண்டையும் பிரித்தளக்கும் கோ-ஆக்சிமீட்டரில் சோதித்தே அறிய முடியும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் இதை உணராது. புகையால் தேய்ந்த நுரையீரலுக்கு அதுவும் சுமைதான். ஓசூரில் 1970-களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி மூன்று ஷிப்டுகளிலும் ஆட்கள் உழைக்கிறார்கள். உலைகளும் டீசல் எஞ்சின்களும் கார்பன் மோனாக்சைடை வெளியிடுபவையே; காற்றோட்டமில்லாத கூடத்தில் அவற்றின் அருகே நிற்பவர் புகைக்கவும் செய்தால் இரண்டும் ஒரே இரத்தத்தில் சேர்கின்றன. உடலில் ஏறிய வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். இடைவேளைதோறும் தம் அடிப்பவருக்கு, முந்தையது இறங்குமுன் அடுத்தது ஏறிவிடுகிறது.

பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. அபராதம் 200 ரூபாய் வரை. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் சட்டம் இன்னும் கடுமை. கர்நாடகம் 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தம் அபராதத்தை 1,000 ரூபாயாகவும், புகையிலை வாங்கும் வயதை 21 ஆகவும் உயர்த்தியது. எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டு ஜூஜூவாடிப் பக்கத்து இளைஞர்களுக்கும் அந்தக் காப்பு கிடைத்தாக வேண்டும்.

புகைப்பதை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் வெளியேறிவிடும். எம்ஃபிசிமா என்னும் நுரையீரல் நோயால் சிதைந்த காற்று நுண்ணறைகள் திரும்ப வளர்வதில்லை. ஆனால் மேற்கொண்டு சிதையும் வேகம் தணியும். புகைப்பதைக் கைவிட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.