நாயாற்றுக் கரைவலையும் தொழிலாளர் நகையும்: ஒரு வரலாற்று நோக்கு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை அதற்கு நிலைக்களன்களாக வகுத்தார். செய்யுளில் இந்நான்கும் பயின்று வருமாற்றை வகுப்பறையில் நாம் கற்கிறோம். ஆயின் உழைக்கும் மக்கள் தம் தொழிலினிடையே சிரித்த சிரிப்பு எத்தகையது, அஃது யாரை நோக்கி எழுந்தது, எள்ளப்பட்டவர் அதனை ஏன் பொறுத்துக்கொண்டார் என்னும் வினாக்கள் இலக்கண வரம்பினுள் அடங்குவன அல்ல. அவை வரலாற்று மாணவர்க்கு உரியவை. வன்னிப் பெருநிலப்பரப்பின் கீழ்க்கரையில் அமைந்த நாயாற்றையும் அங்கு நடைபெற்ற கரைவலைத் தொழிலையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கரையோரப் பாதையில், அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் நாயாறு வருகிறது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் திறந்த கடல். களப்பில் இறாலும் ஆழமற்ற நீரில் வாழும் மீன்களும் படும். கடற்கரையில் கரைவலை வளைக்கப்படும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கடல் கொந்தளிக்கும்; தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேற்குக் கரை கொந்தளிக்க, இக்கரை அடங்கியிருக்கும். இதனால் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து சிங்களக் கடற்றொழிலாளர் பருவத்தையொட்டி இங்கு வந்து வாடியமைத்துத் தங்குவதும், பருவம் மாற ஊர் திரும்புவதும் வழக்கமாயிற்று.

கரைவலைத் தொழிலின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். வலைக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, தோணி கடலுள் சென்று பிறைவடிவில் வலையை வளைத்து, மறுமுனையைச் சற்றுத் தொலைவிலே கரைசேர்க்கும். பின்னர் இரு பிரிவினர் இரு கயிறுகளையும் பற்றி இழுப்பர். இழுக்க இழுக்க இரு பிரிவினரும் ஒருவரையொருவர் நெருங்குவர். ஈற்றில் மீன் அடங்கிய மடி கரையேறும். இது சில மணிநேர வேலை. ஒருவர் தனித்து எவ்வளவு வலிமையாக இழுப்பினும் பயனில்லை. அனைவரும் ஒரே கணத்தில் இழுத்தல் வேண்டும். அவ்வொருமையைத் தருவதே அம்பா எனப்படும் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ‘ஏலேலோ’ என்று ஏற்று இழுப்பர். சிங்களக் கடற்றொழிலாளரும் தம் வலைப்பாட்டை அம்பா என்றே வழங்குவது கருதத்தக்கது. மொழியால் வேறுபட்ட இரு சாரார் ஒரே தொழிலுக்கு ஒரே சொல்லைக் கொண்டிருந்தனர்.

அம்பாவின் பொருள் பலவகைப்படும். தெய்வத்தை வேண்டுவது உண்டு. காதலைக் கூறுவது உண்டு. அவற்றோடு எள்ளலும் இடம்பெறும். புதிதாகக் கயிறு பிடித்தவனின் தடுமாற்றம், சோம்பியவனின் பாவனை, மீன் படாத வெறும் மடி, எல்லாவற்றிற்கும் மேலாகச் சம்மாட்டியின் கைச்சிக்கனம் ஆகியன அதன் இலக்குகள். சம்மாட்டி என்பவர் வலைக்கும் தோணிக்கும் உடையவர். விற்ற மீனின் வருவாயில் அவருடைய பங்கு நீங்கியபின் எஞ்சியதே இழுத்தவர்களிடையே பகிரப்படும். பஞ்ச மாதங்களில் அவரிடம் முற்பணம் பெற்ற தொழிலாளி, பருவம் வந்ததும் அவருடைய வலைக்கே செல்லக் கட்டுப்பட்டவன். இவ்வாறு கடனால் கட்டுண்டவன், தனக்குக் கடன் தந்தவரை, அவர் கேட்கக் கரையில் நிற்கும்போதே பாட்டில் வைத்து எள்ளினான் என்பதுதான் இங்கு விளக்கம் வேண்டும் செய்தி.

இதற்கு விடை தொழிலின் அமைப்பிலேயே உள்ளது. பாட்டை நிறுத்தினால் இழுப்பும் நிற்கும். இழுப்பு நின்றால் மடியிலுள்ள மீன் தப்பும். எள்ளலைத் தடுக்க முனையும் சம்மாட்டி தன் வருவாயையே தடுத்தவராவார். அன்றியும், பாடுபவன் ஒருவனாயினும் ஏற்பவர் பலர். குற்றத்தை எவர்மீது சுமத்துவது? கயிற்றைப் பற்றியிருந்த கைகளே நாவிற்குக் காவலாயின. தொழிலுக்குள் இருந்தமையால்தான் அந்நகை பாதுகாப்புப் பெற்றது.

வேறு துறைகளோடு ஒப்பிடும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகும். பள்ளுப் பிரபந்தங்களில் பண்ணைக்காரன் நகைப்புக்கு இடமாகிறான். ஈழத்தில் 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் இயற்றிய பறாளை விநாயகர் பள்ளும் அம்மரபைச் சார்ந்ததே. எனினும் அங்கு சிரிப்பவர் புலவர். பண்ணைக்காரனை எள்ளும் அதே பிரபந்த மரபு பள்ளனையும் அவன் மனைவியரின் சண்டையையும் வேடிக்கையாக்குகிறது. பள்ளன் காலில் மரம் மாட்டப்படுவதும் அவ்வேடிக்கையின் நடுவிலேயே நிகழ்கிறது. மலையகத் தோட்டப் பாடல்கள் இதற்கு மாறானவை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளியான ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ கங்காணியையும் துரையையும் பற்றித் தொழிலாளரே பாடியவற்றை நமக்குப் பேணித் தந்தது.

அலுவலக நகையின் போக்கு வேறு. லெனாட் வூல்வ் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியேற்றவர். வால்டேயரின் தொண்ணூறு தொகுதிகளையும் ஒரு நாயையும் உடன்கொண்டு இலங்கைக்கு வந்த அவர், உடன் பணியாற்றிய வெள்ளை அதிகாரிகளின் வாழ்வையும் தம் இளமைக்கால மிடுக்கையும் நகைச்சுவையோடு எழுதினார். ஆயின் அந்நூல் வெளிவந்தது 1961இல். அவர் சேவையைத் துறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின். பதவியில் இருப்பவன் மேலோரை அச்சில் எள்ளக் காலம் பார்த்திருத்தல் வேண்டும். வலை இழுத்தவனோ அன்றே, அங்கேயே எள்ளினான். ஆனால் எழுத்தில் வந்த சிரிப்பு நூலகத்தில் இருக்கிறது. கரையில் எழுந்தது காற்றோடு போயிற்று. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இப்பகுதி வரலாற்றுக்கு இன்றியமையாதது. எனினும் நிருவாகியின் நோக்கில் எழுதப்பட்ட நூலில் கயிறு பற்றியவனின் குரலை நாம் எதிர்பார்த்தல் இயலாது.

இந்நகையை மிகைப்படுத்துதலும் ஆகாது. சம்மாட்டியை எள்ளியதால் பங்குமுறை மாறிவிடவில்லை. முற்பணக் கடனும் தீரவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தவர்கள் சம்மாட்டியின் வலையைத்தான் விரைவாகக் கரைசேர்த்தனர். அவர் அதனைப் பொறுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். எனினும் பங்கு நேர்மையற்றது என்னும் அறிவை ஒருவர் மனத்தில் மட்டும் தங்கவிடாது, பலர் வாயில் ஒருங்கே ஒலிக்கச் செய்தது அம்பா. கூட்டாக உணரப்படாத குறை கூட்டாக முறையிடப்படுவதில்லை. அவ்வகையில் இவ்வெள்ளலைத் தொழிலாளர் உணர்வின் தொடக்கநிலை எனக் கொள்வது பொருந்தும்.

இம்மரபு தளர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பொறி. வட அமெரிக்காவின் வட கரொலைனாக் கரையில் மென்ஹேடன் என்னும் மீனைப் பிடித்த கறுப்பினத் தொழிலாளரும் பாடியே வலை இழுத்தனர். 1950களில் நீரழுத்தப் பொறி வலையை இழுக்கத் தொடங்கியதும் பாட்டு படகை விட்டு நீங்கியது. பின்னர் ஓய்வுபெற்றோர் அதனை மேடையில் பாடினர். நம் கரைகளிலும் உழவு இயந்திரம் கொண்டு கரைவலை இழுக்கும் முறை பரவி, அதுபற்றிக் கடற்றொழிலாளரிடையே எதிர்ப்பும் எழுந்துள்ளது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. ஆட்குறைப்போடு, சம்மாட்டியை முகத்துக்கு நேரே எள்ளும் உரிமையும் ஓசையின்றி மறைகிறது.

இரண்டாவது காரணம் நாயாற்றுக்கே உரிய துயரம். 1984 டிசம்பர் தொடக்கத்தில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்களக் கடற்றொழிலாளர் கொல்லப்பட்டனர். அம்மாதத்திலேயே அக்கரையோரத் தமிழ்க் குடும்பங்கள் தம் ஊர்களை விட்டு அகற்றப்பட்டன. அவர்கள் மீளக் குடியமர்ந்தது 2009இல் போர் முடிந்தபின்னரே. இடையில் 2004இன் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ்க் கடற்றொழிலாளரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின. எள்ளலுக்கு அறிமுகம் வேண்டும். எள்ளப்படுபவன் நாளையும் இதே கரையில் நிற்பான் என்னும் நம்பிக்கை வேண்டும். ஒரே சொல்லால் தம் பாட்டை அழைத்த இரு சாராரிடையே அந்நம்பிக்கை முறிந்தது. ஒரு தலைமுறை கயிறு பிடிக்காமலே வளர்ந்தது.

ஆகவே இன்று அம்பாவைத் தொகுக்க முற்படும் மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. அடிகளை மட்டும் எழுதிக்கொண்டு சொல்லழகைப் பாராட்டுதல் போதாது. பாடியவர் எந்தக் கயிற்றில் நின்றார், அருகில் நின்ற சம்மாட்டி யார், எவ்வடியில் அனைவரும் சிரித்தனர், அவர் என்ன செய்தார், அன்றைய பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பனவற்றையும் கேட்டெழுதுதல் வேண்டும். கைகளால் வலை இழுத்த முதியோர் முல்லைத்தீவுக் கரையோர ஊர்களில் இன்னும் உளர். அவர்கள் நகைத்தது எதற்காக என்பதை அவர்களிடமே கேட்டறிதல் இயலும். அதற்கான காலம் நீண்டதன்று.