பிறந்த குட்டிகளில் நிர்ப்பீடனச் சகிப்பு

கருவிலிருக்கும்போதோ பிறந்த கையோடோ இன்னொரு விலங்கின் கலங்களைப் பெற்ற குட்டி, வளர்ந்த பின்னும் அவ்விலங்கின் இழையத்தை எதிர்க்காமல் ஏற்கும் நிலை. மூன்றாமொரு விலங்கின் தோலை அதில் ஒட்டினால் வழக்கம்போல் தள்ளிவிடும்.

இதன் வரலாறு மாட்டுப்பட்டியில் தொடங்குகிறது. நாம்பன் கன்றோடு இரட்டையாகப் பிறந்த நாகு பெரும்பாலும் சினைப்படாது என்பதை மாடு வளர்ப்போர் நெடுங்காலமாக அறிவர். அக்கன்றுகளின் சூல்வித்தகக் குருதிக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைவதும், நாம்பனின் ஓமோன் அவ்வழியே நாகைச் சென்றடைவதுமே காரணம் என்று சிக்காகோவின் பிராங்க் லில்லி 1916இல் விளக்கினார். 1945இல் விஸ்கொன்சினின் ரே ஓவன் ஒரு படி மேலே போனார். ஒரே பசு அடுத்தடுத்து இரு வேறு இனக் காளைகளுடன் சேர்ந்து ஈன்ற இரட்டைக் கன்றுகளும் அவர் ஆராய்ந்தவற்றுள் அடங்கும். தகப்பன் வேறாயினும் இரண்டின் உடலிலும் இருவகைச் செங்குழியங்களும் கலந்திருந்தன. சில மாதமே வாழும் குழியம் கன்று வளர்ந்த பிறகும் காணப்பட்டதால், அதை உண்டாக்கும் தாய்க்கலங்களே இடம்மாறிக் குடியேறியிருக்க வேண்டும். தன்னுடையது எது என்பதை உடல் கருவிலேயே பழகுகிறது என்ற கருதுகோளை அவுஸ்திரேலியரான பேர்னெட், பெனர் இருவரும் 1949இல் இதிலிருந்தே வளர்த்தனர்.

இதற்கிடையே, ஒரு கருவில் தோன்றிய இரட்டைக் கன்றுகளை மற்ற இரட்டையரிலிருந்து பிரித்தறிய வழி கேட்டார் கால்நடை ஆய்வாளர் ஹியூ டொனால்ட். ஒரு கருவில் தோன்றியவை மட்டுமே ஒட்டை ஏற்கும் என்பதால், தோலை மாற்றி ஒட்டினால் தெரிந்துவிடும் என்றார் விலங்கியலாளர் பீற்றர் மெடவார். ஒட்டிப் பார்த்தால், பெரும்பாலும் எல்லா இரட்டையரும் மற்றதன் தோலை ஏற்றன. ஓவனின் கட்டுரையை மெடவார் குழு அறிந்தது அதன் பிறகே.

1953இல் இலண்டனில் பில்லிங்காம், பிரென்ற், மெடவார் மூவரும் இச்சகிப்பைச் சுண்டெலியில் செயற்கையாக உண்டாக்கினர். கருவிலிருந்த குட்டிகளுக்கு வேற்றினச் சுண்டெலியின் விதை, சிறுநீரகம், மண்ணீரல் கலங்களை ஊசியால் ஏற்றினர். அவர்கள் விவரித்த ஓர் ஈற்றில் ஐந்து குட்டிகள். எட்டு வாரத்தில் ஒட்டிய அவ்வினத் தோல் இரண்டில் அழிந்தது, மூன்றில் நிலைத்தது. சகிப்புப் பெற்ற சுண்டெலிக்கு அதன் சொந்த இனத்திலிருந்து, ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற நிணநீர்க் கலங்களைச் செலுத்தியதும் ஒட்டு அழிந்தது. குறை ஒட்டில் இல்லை, ஏற்றவரின் நிர்ப்பீடனத்திலேயே மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று. பிராக் நகரில் மிலன் ஹாசெக் கோழி முளையங்களின் குருதியோட்டத்தை இணைத்து இதே விளைவைக் கண்டிருந்தார். 1960ஆம் ஆண்டு நோபல் பரிசு பேர்னெட்டுக்கும் மெடவாருக்கும் கிடைத்தது. ஓவனை விட்டது நோபல் குழுவின் தவறே.

சகிப்பை உண்டாக்கும் வாய்ப்பு சுண்டெலியில் பிறப்பை ஒட்டி முடிந்துவிடும். செம்மறியில் கருவிலேயே முடியும். நிர்ப்பீடனத்தில் தைமசுச் சுரப்பியின் பங்கை 1961இல் ஜாக் மில்லர் காட்டினார். வயதைவிடக் கலத்தின் வகையும் அளவுமே முக்கியம் என்று 1996இல் எழுந்த வாதம் அடிப்படைக் கருத்தை அசைக்கவில்லை. கலம் கொடுத்த விலங்கின் நிணநீர்க் கலங்களே குட்டியைத் தாக்கி நலிவிப்பதுமுண்டு.

மனிதரில் இம்முறை வழக்கில் இல்லை. அதனால் மாற்றுச் சிறுநீரகம் பெறுவோர் நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் மருந்தை நாள்தோறும் எடுக்கவேண்டியுள்ளது.