பண் காத்த பாணர் குடி

காரைக்காலுக்கு அணித்தாயுள்ள திருத்தருமபுரம், திருநீலகண்ட யாழ்ப்பாணரை ஈன்ற தாயார் பிறந்த பதியாகும். எருக்கத்தம்புலியூரிற் றோன்றிய பாணர், மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழியை அடைந்து, ஆளுடைய பிள்ளையார் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடனுறைந்தார். தருமபுரத்துச் சுற்றத்தார், பாணர் யாழிலிட்டமையாலேயே பதிகவிசை சிறந்ததெனப் புகழ்ந்தனர். அதுகேட்டு நடுங்கிய பாணர் வேண்ட, பிள்ளையார் யாழிலடங்காத பதிகமொன்று அருளினார். முதற்றிருமுறையின் 136-ஆம் பதிகமாகிய யாழ்முரி அதுவே. கருவியை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்றவளவு வாசிக்கப் பணித்தனரென்பர் சேக்கிழார்.

கருவியி லடங்காத இசை எங்ஙனம் நிலைபெறும்? சொல் ஏட்டில் நிற்கும்; பண்ணோ பாடுவோர் மிடற்றிலேயே நிற்கும். தில்லையில் ஏடுகள் கிடைத்த பின்னரும் பண்முறை விளங்கிற்றில்லை. அப்பொழுது எருக்கத்தம்புலியூரில் இப்பாணர் மரபில் வந்த மாதொருவரே பண்களை அறிவித்துதவினாரெனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வாசிரியையின் பெயரை அந்நூல் உரைத்திலது. அவர் காத்த முறையோ நிலைத்தது.

முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரை நியமித்தமை கல்வெட்டால் அறியப்படும். ஆதலின், திருமுறைகளை அச்சிடுதலோடு அமையாது, சிறார்களை ஓதுவாரிடத்து இருத்திப் பண்ணோடு கேட்பித்தலே பெயரறியா அம்மாதிற்கு நாம் செய்யுங் கைம்மாறாகும்.